அடுப்புச் சுவரும் ஐஸ்பெட்டிக்காரரும்

திராட்சை ஊறுகிற டிரம்மின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்த மெக்கானிக், சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்தார்.

உண்மையில் அது ஒன்றும் சூடு இல்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் அளவுக்கு வெதுவெதுப்பு, அவ்வளவுதான். ஆனால் வெளியூர் கிளம்பும்போது அவர் ஜில்லென்று விட்டுப்போன டிரம் அது. ஜில்லென்றுதான் இருந்திருக்க வேண்டும்.

"யாரும்மா அங்க? என் கூலரைக் கொன்னது யாரு?"

போன வாரம் படித்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்காதவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

நம் மெக்கானிக் ஊரில் உள்ள பாதி ஃபிரிட்ஜுக்கும் முக்கால்வாசி ஏசிக்கும் வைத்தியர். தெருவில் அவருக்கு 'ஐஸ்பெட்டி' என்றே பெயர். அதைக் கேட்டால் அவருக்குக் கோபம் வராது, பெருமைதான் வரும். உலகத்தில் கெட்டுப்போகிற எதையும் குளிரில் வைத்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய வேதம்.

அந்த வேதத்துக்கு அடங்காதது ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் வீட்டில் அவர் போடுகிற சிவப்பு ஒயின்.

நிறம் ஏதோ இருக்கும். வாசனை தூரத்துச் சொந்தம் மாதிரி எட்டிப் பார்க்கும். வாயில் விட்டால் நாக்கில் எதுவும் நிற்காது. திடம் வேண்டும் என்று அவர் பண்ணாத கூத்து இல்லை. ஓக் மரச் சீவலை ஊறப்போட்டார், மரக்கடை வாசனை வந்தது. உலர்திராட்சையை அள்ளிப் போட்டார், போதை ஏறியது, திடம் ஏறவில்லை. ஒரு வருஷம் தேயிலையைக் கொதிக்கவைத்து ஊற்றினார். அந்த வருஷம் குடித்தவர்கள் கூடவே பிஸ்கட் கேட்டார்கள்.

போன வருஷம்தான் மானம் போனது. வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் சங்கத்துக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அத்தனை பேர் முன்னாலும் ஒரு வாய் எடுத்தார், சுழற்றினார், வாளியில் துப்பினார். "வாய் கொப்பளிக்க ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கூட்டம் சிரித்தது.

மெக்கானிக் சும்மா வந்திருக்கலாம். அவருக்குச் சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தத் தொடர்கதை எழுதுகிறேன்? "அடுத்த வருஷம் பிழியற அன்னிக்கு என் வீட்டுக்கு வாங்க. ஒரு வாய் குடிங்க. துப்பினீங்கன்னா என் திருகை நீங்களே தூக்கிட்டுப் போங்க!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

திருகு என்றால் திராட்சையைப் பிழிகிற திருகு. லாரி ஜாக்கியையும் உடைந்த கட்டில் கால்களையும் வைத்து, கல்யாணத்துக்கு முன்பே அவர் பற்றவைத்தது. அவர் செய்ததிலேயே குளிர் தராத ஒரே பொருள் அதுதான். ஆனாலும் அதன் மேல் அவருக்கு உயிர்.

அந்தப் பிழிகிற நாள் இன்றைக்கு. டாக்டர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கோ வெளியூரில் ஒரு பெரிய கோல்ட் ஸ்டோரேஜில் நின்றுபோன மெஷினுக்கு உயிர் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இப்போதுதான் வீட்டு வாசலை மிதித்திருக்கிறார். "இனிமே எங்க மெஷின் எல்லாம் உங்க பொறுப்புதான்" என்று அந்த ஸ்டோரேஜ் முதலாளி கையைப் பிடித்துச் சொன்ன சந்தோஷம், டிரம்மைத் தொட்ட கையோடு போய்விட்டது.

பேக்கரியிலிருந்து மருமகள் ஓடி வந்தாள். முழங்கை வரை மாவு.

அவள்தான் வீட்டின் முன்பக்கத்தில் பேக்கரி நடத்துகிறவள். அவள் புருஷன், இவர்களுடைய ஒரே பிள்ளை, கப்பலில் வேலை பார்க்கிறான். வந்தால் இரண்டு மாசம் இருப்பான், போனால் பத்து மாசம் வரமாட்டான். அவளுடைய அடுப்பின் பின்சுவரும் மாமனாரின் ஒயின் அறைச் சுவரும் ஒரே சுவர். அடுப்பு வந்த நாளிலிருந்து அந்தச் சுவரோடு மெக்கானிக்குக்குச் சண்டை. "சுவருக்கு அந்தப் பக்கம் எமன் உட்கார்ந்திருக்கான்" என்பார். அந்த எமனை விரட்டத்தான் சொந்தக் கையால் பெரிய கூலர் ஒன்றைச் செய்து அறையில் மாட்டினார்.

"நீதானே அணைச்ச?"

"இல்ல மாமா."

"வேற யாரு? போன மாசம் பூரா நீதானே என் காதுல ஓதின? குளிர்ல மாவு பொங்காது, குளிர்ல திராட்சைத் தோலோட சாரம் இறங்காது, கொஞ்சம் சூடு வேணும் மாமான்னு!"

"ஓதினேன். இப்பவும் ஓதுவேன். ஆனா நான் அணைக்கல. சுவிட்சைப் பாருங்க."

பார்த்தார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. கூலரில் மட்டும் ஒரு முனகல் கூட இல்லை. தட்டிப் பார்த்தார். காதை வைத்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது.

மெக்கானிக்கின் முகம் மாறியது. யாரோ அணைத்திருந்தால் திட்டலாம். தானாக நின்றிருந்தால்? அவர் செய்த மெஷின், அவர் வீட்டில், அவர் ஊரில் இல்லாத நேரத்தில், நின்றுபோயிருக்கிறது.

"நீங்க போன மறுநாளே நின்னுடுச்சு" என்றாள் மருமகள். "அணைச்சது நான் இல்ல. ஆனா நின்னதைப் பார்த்துட்டு உங்களுக்கு ஃபோன் பண்ணாம இருந்தது நான்தான். அதுக்கு வேணும்னா திட்டுங்க."

"ஏன் பண்ணல?"

"பண்ணினா வேற ஆளை அனுப்பி ஓட வெச்சிருப்பீங்க. குளிர் இல்லாம எப்படி வருதுன்னு எனக்கு ஒரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு மாமா. ஆனா சும்மா விடல. ரொட்டிக்கு வெச்சிருக்கிற தெர்மாமீட்டரை இதுல போட்டுப் போட்டுப் பார்த்தேன். சூடு ஏறிடுச்சுன்னா தண்ணி பாட்டிலை ஃப்ரீஸர்ல உறையவெச்சு உள்ள இறக்கினேன். காலையிலயும் சாயந்திரமும் மேல மிதக்கிற தோலை அமுக்கிவிட்டேன். இது என் கை பார்த்த சரக்கு. கெட்டுப்போயிருந்தா நானே வெளியில கொட்டியிருப்பேன்."

கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள். மெக்கானிக்குக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பொய் சொல்ற. மெஷின்ல ஏதோ பண்ணியிருக்க."

அவள் முகம் சிவந்தது. "மாமா, எனக்கு மனசுல பட்டதை உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்ற ஆளு நான். திருட்டுத்தனம் பண்ணணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

"அவ தொடல" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

மெக்கானிக்கின் மனைவி. போக்குவரத்துப் போலீஸில் முப்பது வருஷம் நாற்சந்தியில் நின்று ஓய்வுபெற்றவர். வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இன்றைக்கும் அவர் கை தானாக மேலே போகும். இப்போதும் போனது. இரண்டு பேரும் நின்றார்கள்.

"அவ தொடலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும். நான் இந்த வீட்டுலதானே இருந்தேன்? டாக்டர் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. முதல்ல பழத்தைப் பிழியற வழியைப் பாருங்க."

"மெஷினைத் திறந்து பார்த்துட்டு..."

"மெஷின் எங்க ஓடிடப்போகுது? அதான் ஓடவே இல்லையே."

வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் இதற்குள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்திருப்பார். ஊரில் உள்ள அத்தனை மெஷினையும் திறந்து பார்க்கிற மனிதருக்கு இந்த ஒன்றைத் திறக்கப் பயமாக இருந்தது. உள்ளே இருப்பது தன் தப்பு என்று தெரிந்துவிட்டால்? அப்புறம் பார்க்கலாம் என்று மனைவி சொன்னதும் அவருக்குச் சொல்லமுடியாத நிம்மதி.

திருகு வந்தது, வாளிகள் வந்தன. டிரம்மின் அடியிலிருந்து குழாய் வழியாக ஒயினை இறக்க ஆரம்பித்தார்கள். குழாய் மூட்டில் சொட்டியது. மருமகள் கறுப்பு டேப்பை எடுத்துச் சுற்றி, வெடுக்கென்று கிழித்து ஒட்டினாள்.

"முனையை மடிச்சு ஒட்டணும்னு உனக்கு எத்தனை தடவைம்மா சொல்றது? நாளைக்குப் பிரிக்கிறவனுக்கு நகம் போயிடும்."

"நாளைக்குப் பிரிக்கப்போறது நீங்கதானே மாமா?"

"அதனாலதான் சொல்றேன்."

டேப் முனையை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து ஒட்டுவது அவர் பட்டறைப் பழக்கம். ஊரில் வேறு எவனும் செய்வதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பிரித்து, மடித்து, மறுபடி ஒட்டினார்.

முதல் வாளி நிறைந்தது. மெக்கானிக் குனிந்து பார்த்தார். வாளியின் அடி தெரியவில்லை.

எப்போதும் தெரியும். அவருடைய ஒயினில் வாளியின் அடியில் உள்ள கம்பெனிப் பெயரைக்கூடப் படிக்கலாம். இப்போது கறுஞ்சிவப்பாக, ஓரத்தில் மட்டும் ஊதா நுரையோடு, ஏதோ ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மருமகள் அடுத்த வாளியைக் குழாய்க்கடியில் தள்ளினாள்.

மிச்சம் இருந்த தோலைத் திருகுக் கூடையில் கொட்டி இறுக்கினார்கள். கடைசிச் சொட்டு வரைக்கும் முறுக்கிப் பார்ப்பது மெக்கானிக்கின் வழக்கம். இரண்டு சுற்றுக்கு மேல் போனதும் மருமகள் கைப்பிடியில் கையை வைத்தாள்.

"போதும் மாமா. இதுக்கு மேல முறுக்கினா கொட்டையோட கசப்பு வந்துடும்."

"வீணாகுதேம்மா."

"வீணாகட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். கைப்பிடியை விட்டார். அவருக்கே ஆச்சரியம்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். தோளில் ஒரு கயிற்றுச் சுருள்.

"கயிறு எதுக்கு டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"திருகை வண்டியில கட்ட வேணாமா? வழியில விழுந்துடுச்சுன்னா உங்களுக்குத்தானே மனசு கஷ்டப்படும்." கள்ளமில்லாமல் சிரித்தார். மனிதர் கெட்டவர் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். வாழ்நாள் பூரா அடுத்தவர் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தான் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும்.

மெக்கானிக்கின் மனைவி துப்புவதற்கு ஒரு வாளியைக் கொண்டுவந்து டாக்டர் காலடியில் டங்கென்று வைத்தார்.

மருமகள் கண்ணாடி டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தாள். டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்த்ததும் புருவம் கொஞ்சம் ஏறியது. முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் எடுத்துக் கன்னத்தில் அடக்கிச் சுழற்றினார்.

மெக்கானிக் அவரைப் பார்க்கவில்லை. திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கைப்பிடியில் தன் உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துச் சொச்சம் வருஷம். அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இந்த அறையில் என்னத்தை வைப்பது?

டாக்டரின் தலை கீழே குனிந்தது. வாளி நேர் கீழே இருந்தது.

தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டார்.

"டாக்டர், வாளி கீழ இருக்கு" என்றார் மனைவி, நாற்சந்திக் குரலில்.

"வேணாம்மா." டம்ளரை நீட்டினார். "இன்னும் கொஞ்சம்."

இரண்டாவது வாயும் துப்பவில்லை. மூன்றாவதுக்கு யாரும் கேட்கவே இல்லை, தானே ஊற்றிக்கொண்டார். பிறகு சுவரில் தொங்கிய எவர்சில்வர் மூடியில் முகத்தைப் பார்த்துப் பல்லை இளித்தார். முன்பல் எட்டும் ஊதாவாகியிருந்தன.

"ஐயோ, பதினொரு மணிக்கு எனக்கு நோயாளி இருக்காங்களே!" என்றார். ஆனால் குரலில் கவலை இல்லை. "புதுசுங்கிறதால முரடா இருக்கு. ஆனா நாக்குல உட்கார்ந்துக்குது. எழுந்திரிக்க மாட்டேங்குது. ஆறு மாசம் ஓக் பீப்பாயில விட்டீங்கன்னா நம்ம சங்கத்துல இதுக்குப் பக்கத்துல வைக்க ஆளே இல்ல. என்ன பண்ணினீங்க? உண்மையைச் சொல்லுங்க. எங்கேருந்தாவது வாங்கிக் கலந்தீங்களா?"

"கலக்கவா? என் வீட்டுலயா?"

"அப்புறம் எப்படி?"

மெக்கானிக்கின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. 'எல்லாம் அனுபவம்தான் டாக்டர்.' ஒரே வரி. சொல்லிவிட்டால் முடிந்தது. சங்கம் நம்பும், ஊர் நம்பும். டாக்டரின் ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜையும் அவர்தான் பார்க்கிறார். தன் மெஷின் நின்றுபோனது என்று சொல்லக்கூடாத ஆள் இந்த ஊரில் ஒருவர் உண்டென்றால், அது ஊர் முழுக்கப் பேசித் திரிகிற இந்த டாக்டர்தான்.

மருமகள் அடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. கையில் காய்ந்துபோன மாவை உரித்துக்கொண்டிருந்தாள். கேட்கவும் மாட்டாள், எதிர்பார்க்கவும் மாட்டாள். காலையில் அவளைப் பொய்க்காரி என்றது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"டாக்டர், நான் ஒண்ணும் பண்ணல" என்றார் மெக்கானிக். "நான் பண்ணாததாலதான் நல்லா வந்திருக்கு."

"புரியல."

"என் கூலர் நின்னுபோச்சு. நானே செஞ்ச கூலர். நான் ஊர்ல இல்ல. இத்தனை வருஷமா ஜில்லுன்னு வெச்சு வெச்சுத் தோல்ல இருக்கிற சாரத்தை இறங்கவிடாமப் பண்ணினது நான்தான். இந்தா, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மருமகளோட அடுப்பு. அந்தச் சூடுதான் இது. சூடு தலைக்கேறிடாமப் பார்த்துக்கிட்டதும் அவதான். முதல் நாளே ஒரு வாளிச் சாறை எடுத்துடலாம், மிச்சச் சாறுக்குத் தோலோட பங்கு கூடும்னு சொல்லி எடுக்கவெச்சதும் அவதான். என் பேச்சைக் கேட்டிருந்தா நீங்க இப்ப கயிறு கட்டிக்கிட்டு இருப்பீங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கே உடம்பு லேசானது போல இருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். தோற்றுப்போனவர் நிற்கிற நிலை இல்லை அது.

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடுப்புல ரொட்டி கருகுது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்றும் கருகவில்லை.

டாக்டர் போகும்போது மனைவி பின்னாலேயே போய்க் கயிற்றை அவர் தோளில் மாட்டிவிட்டார். "மறந்துடாதீங்க டாக்டர். துணி காயப்போடறதுக்கு ஆகும்."

சாயந்திரம் வரைக்கும் மெக்கானிக் அந்த அறையையே சுற்றிச் சுற்றி வந்தார். பேக்கரிக்கு வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து வாளியைக் காட்டினார். "அடி தெரியுதா? தெரியாது. என் மருமக சரக்கு!" ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு கூலர் முன்னால் உட்கார்ந்தார். தன் தப்பைத் தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தார்.

கம்ப்ரஸர் நன்றாக இருந்தது. விசிறி நன்றாக இருந்தது. எதுவும் கருகவில்லை, எதுவும் அறுந்துபோகவில்லை.

ஒரே ஒரு வயர் மட்டும் அதன் இடத்திலிருந்து கழற்றப்பட்டிருந்தது. முனை எங்கேயும் பட்டுவிடாமல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பொறுமையாக, அழகாக. டேப்பின் நுனி உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்து ஒட்டியிருந்தது.

"மெஷின் கெடல!" மெக்கானிக் துள்ளி எழுந்தார். "அடடா, என் மெஷின் கெடவே இல்லடா!"

அப்புறம்தான் அந்த மடிப்பு அவர் கண்ணில் நின்றது. மருமகளுக்கு மடிக்க வராது. பிள்ளை கடலில் இருக்கிறான். கல்யாணமான புதிதில், டூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பட்டறையில் அவருக்கு டார்ச் பிடித்துக்கொண்டு, டேப்பைக் கிழித்து மடித்து மடித்துக் கொடுத்தவள் ஒருத்திதான்.

அவள் இப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு.

"நீயா?"

"போன வருஷம் அவர் துப்பினப்போ எல்லாரும் சிரிச்சாங்களே, அந்தக் கூட்டத்துல நானும் நின்னேன்" என்றாள். "உங்களுக்கு எப்படியோ. எனக்கு ஒரு வருஷமாச் சோறு இறங்கல. மருமக சொல்றது சரின்னு பட்டுச்சு. சுவிட்சை அணைச்சா அவமேல பழி வரும். மெஷின் நின்னுதுன்னா யார் மேலயும் வராது."

"என் மேல வராதா?"

அவள் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. கோல்ட் ஸ்டோரேஜ் முதலாளி.

"ஐயா, உங்க ஊர் பல் டாக்டர்கிட்டதான் நானும் பல் காட்டறேன், அவர் ஒண்ணு சொன்னாரு. உங்க வீட்டுல நீங்க செஞ்ச மெஷினே நின்னுபோச்சாமே? நிஜமா?"

மெக்கானிக்கின் இடது கையில் டேப் சுற்றிய வயர். ஒரு வார்த்தை போதும். என் மெஷின் கெடல, என் பொண்டாட்டி கழற்றிவிட்டாள். முதலாளி சிரிப்பார். ஊரே சிரிக்கும். யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்பதுதான் கேள்வி.

வாசலில் நின்றவளின் கை தானாகப் பாதி உயரம் எழும்பி, அங்கேயே நின்றது.

"ஆமாங்க" என்றார் மெக்கானிக், அவளைப் பார்த்துக்கொண்டே. "நின்னுதான் போச்சு. அது சரி, ஒயின் எப்படி இருக்குன்னு டாக்டர் சொல்லலையா?"



"அதுவும் சொன்னாரு" என்றார் முதலாளி. "நாளைக்குக் காலையில நேர்ல வாங்க. பேசணும்." வைத்துவிட்டார்.

மெக்கானிக் ஃபோனைப் பையில் போட்டார். வயரை அதன் இடத்தில் மாட்டவில்லை. டேப்பின் மடிப்பை மட்டும் கட்டைவிரலால் ஒரு தடவை நன்றாக அழுத்திவிட்டு, மூடியைப் போட்டு மூடினார்.